கேட்கும் அறை

திருச்சி
19-7-1964

அன்புள்ள அண்ணிக்கு வள்ளிக்கண்ணு வணங்கி எழுதுவது.

நான் இங்கே சுகம். நீங்களும் அண்ணனும் வெள்ளையம்மாள் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? பச்சைமலைப் பக்கம் மழை இறங்கியதா?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஹாஸ்டலுக்கு வந்துபோனார். நீங்கள் கொடுத்தனுப்பிய முறுக்கு அன்று சாயங்காலமே தீர்ந்துவிட்டது. பார்வையாளர் கூடத்தில் வேறு யாரும் இல்லை. வார்டன் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்ததால் அண்ணன் குரலைத் தணித்தே பேசினார். அவர் கேட்டதற்கெல்லாம் நான் சரியாகப் பதில் சொன்னேனா என்று தெரியவில்லை. இனிமேல் அவர் சொல்ல நினைப்பதை நீங்கள் கடிதத்தில் எழுதிவிடுங்கள். இரண்டு பஸ் மாறி வருவது அவருக்கும் சிரமம்.

இந்த வருஷம் எங்கள் லைப்ரரியில் புதிதாக ஓர் அறை திறந்திருக்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். அதைச் சுத்தம் செய்து, இசைத்தட்டு போடுகிற மெஷின் ஒன்றை வைத்து, ‘கேட்கும் அறை’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சங்கீத மிஸ் வாரா வாரம் சில தட்டுகளைக் குறித்துப் பலகையில் போடுவார். நாங்கள் அவற்றைக் கேட்டு, என்ன ராகம், என்ன தாளம், பாடியவர் எந்த இடத்தில் என்ன செய்தார் என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். தட்டை வெளியே தர மாட்டார்கள். தொடவும் விட மாட்டார்கள். நூலகர் ஷரபுன்னிசா மேடம்தான் முள்ளை எடுத்து வைப்பார். பக்கத்தில் படிப்பவர்களுக்குத் தொந்தரவு கூடாது என்று காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன் இருக்கிறது. சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. அதை மட்டும் நாங்களே தொடலாம்.

தென்னூரிலிருந்து வரும் பெண்கள் வீட்டில் கிராமபோன் உண்டு. அவர்கள் இந்த அறைப் பக்கம் வருவதில்லை. ஹாஸ்டல் பெண்களுக்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் கோமளவல்லி என்ற பெண்ணின் வீட்டிலும் கிராமபோன் இல்லை. எனக்கு அடுத்த முறை அவளுடையது.

முதல் நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திருகைத் திருப்பியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். நன்றாக இருந்தது.

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள்
வள்ளிக்கண்ணு


உப்பிலியபுரம்
4-8-1964

அன்பான வள்ளிக்கு அண்ணி பொன்னுத்தாய் எழுதிக்கொண்டது.

நாங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? மழை இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. உன் அண்ணன் வானத்தைப் பார்ப்பதும் என்னைக் கோபிப்பதுமாக இருக்கிறார்.

அவருக்கு உன்மேலும் வருத்தம். திருச்சியிலிருந்து வந்த அன்று சாப்பிடும்போது சொன்னார்: “நான் ஒண்ணு கேட்டா அவ ஒண்ணு சொல்றா. இல்லாட்டி சும்மா சிரிச்சுக்கிட்டே நிக்கிறா. பேசுறதையும் வாய்க்குள்ளயே பேசிக்கிறா. படிச்சதும் அண்ணன் இளக்காரமாப் போயிட்டான்.” நான், “அந்த வார்டனுக்குப் பயந்துக்கிட்டுப் பேசியிருக்கும்ங்க” என்று சமாதானம் சொன்னேன். அடுத்த முறை அவர் வந்தால் நாலு வார்த்தை கலகலப்பாகப் பேசு. உனக்கு அப்பா ஸ்தானத்தில் இருப்பவர்.

அத்தை எப்போதும்போல் இருக்கிறாள். அவள் காதில் விழும்படி கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நேற்று கஞ்சி வேண்டுமா என்று நான் கேட்க, கன்று அவிழ்ந்துவிட்டதா என்று எழுந்து ஓடினாள். உன் அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு விஷயம். மண்ணச்சநல்லூரிலிருந்து என் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். என்னை இந்த வீட்டுக்குக் கொடுக்கும்போதே உன்னை என் தம்பி ராமருக்கு எடுப்பது என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தது உனக்குத் தெரியும். உன் படிப்பு முடியட்டும் என்றுதான் பொறுத்திருக்கிறார்கள். வருகிற வைகாசிக்குமேல் தள்ள வேண்டாம் என்கிறாள். ராமர் இப்போது அரிசி மில்லை முழுக்க அவனே பார்த்துக்கொள்கிறான். முன்கோபம் இல்லாதவன். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி.

அண்ணி
பொன்னுத்தாய்


திருச்சி
20-9-1964

அன்புள்ள அண்ணிக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். கொஞ்சம் ஜலதோஷம். இப்போது பரவாயில்லை. உங்கள் தொண்டை சரியாகிவிட்டதா?

வகுப்பில் பரீட்சை ஒன்று நடந்தது. மிஸ் தூரத்து மேஜையில் மெஷினை வைத்துத் தட்டைப் போடுவார். நாங்கள் கேட்டு ராகத்தை எழுத வேண்டும். எனக்கு மார்க் மிகவும் குறைவு. மறுநாள் அதே தட்டுகளை நான் கேட்கும் அறையில் கேட்டு எழுதிய கட்டுரையைப் பார்த்துவிட்டு, “இதை நீதான் எழுதுனியா?” என்றார் மிஸ். வேறு யாரோ எழுதிக் கொடுத்ததாக அவர் நினைத்திருப்பார்.

தம்புராவை மீட்டிப் பாடும்போது அதன் கழுத்தில் தாடையைச் சாய்த்து வைத்துக்கொள்கிறேன் என்றும் திட்டு வாங்கினேன். “உட்காருற லட்சணமா இது?” என்றார். அப்படி வைத்துக்கொண்டால்தான் எனக்குச் சுருதி சேருகிறது. எல்லாம் பழக்கம்.

கேட்கும் அறையிலும் ஒரு சின்னச் சம்பவம். நான் கேட்டு முடித்து எழுந்ததும் கோமளவல்லி வந்து ஹெட்போனை மாட்டினாள். மேடம் முள்ளை வைத்ததுதான் தாமதம், காதைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாள். திருகு கடைசிவரை திருப்பியிருந்ததாம். மேடம் என்னைப் பார்த்தார். திருகு பழுதாக இருக்கிறது என்றேன். இப்போதெல்லாம் எழுந்திருக்கும் முன் ஞாபகமாகத் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிடுகிறேன்.

வைகாசி பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். பெரியவர்கள் பார்த்துச் செய்வது.

வள்ளிக்கண்ணு


உப்பிலியபுரம்
15-11-1964

அன்பான வள்ளிக்கு அண்ணி எழுதுவது.

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாகக் கார்டு கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம்.

தீபாவளிக்கு உன்னைக் கூட்டிவரும் வழியில் மண்ணச்சநல்லூரில் இறங்கினோமே, அன்றிலிருந்து என் அம்மாவுக்கு உன் பேச்சுதான். மில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. என் அம்மா வந்தவர்களிடம் கையை ஆட்டித்தான் பேசுவாள். நீ ஒருத்திதான் யார் என்ன கேட்டாலும் டக் டக்கென்று பதில் சொன்னாய். ராமர் அந்தப் பக்கம் நின்று, “காலேஜுல என்ன சொல்லித் தர்றாங்க?” என்று கேட்டதற்கு, நீ இந்தப் பக்கம் நின்று பதில் சொல்லிவிட்டாய். “எப்படிம்மா இவளுக்கு எல்லாம் கேக்குது? இந்த வீட்டுக்குன்னே பொறந்தவ” என்கிறாள் அம்மா.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வள்ளி, நம் வீட்டுக்கு வந்தபிறகு நீ வாயைத் திறக்கவே இல்லை. உன் அண்ணன் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். நீ கொல்லையில் நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாய். என் வீட்டு ஆட்களிடம் சிரித்துப் பேசுகிறவள் உன் வீட்டில் ஏன் ஊமையாகிவிடுகிறாய்? நான் ஏதாவது தவறாக நடந்துகொண்டேனா? இருந்தால் எழுது. மனதில் வைத்துக்கொள்ளாதே.

குளிர் காலம். காதில் துணி கட்டிக்கொண்டு வெளியே போ.

அண்ணி


திருச்சி
20-12-1964

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. எனக்குக் காது கேட்கவில்லை, அண்ணி. போன வருஷமே ஆரம்பித்துவிட்டது. முதலில் மழைச் சத்தம் குறைந்தது. பிறகு பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் தணிந்த குரலில் பேசுவதுபோல் இருந்தது. நான் பேசுவது மட்டும் என் தலைக்குள் பெரிதாகக் கேட்கும். அதனால்தான் வாய்க்குள்ளேயே பேசிவிடுகிறேன் போலிருக்கிறது.

ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கம் போயிருந்தோம். நாதஸ்வரம் கேட்டு எழுத மிஸ் அனுப்பியிருந்தார். கோபுர வாசலில் அவ்வளவு நெரிசலில் கோமளவல்லி பேசியது ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது. சந்தோஷமாகப் பேசிக்கொண்டே நடந்தோம். அவள் வீட்டுத் தெருவுக்குத் திரும்பியதும் கூட்டத்தின் இரைச்சல் நின்றுவிட்டது. அவள் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் நடந்துகொண்டே இருந்திருக்கிறேன். ஓடி வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்: “திருகுல ஒண்ணும் பழுது இல்ல. உனக்குத்தான் காது கேக்கல. எவ்வளவு நாளா?”

அவள்தான் தென்னூரில் இருக்கும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஓர் இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். கேட்கவில்லை. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். மணி அடித்ததுபோல் கேட்டது. காதுக்குள் இருக்கும் ஒரு சிறு எலும்பு இறுகி அசையாமல் போய்விட்டதாம். இரைச்சலான இடத்தில் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசுவதாலும், அந்த இரைச்சல் எனக்குக் குறைவாகக் கேட்பதாலும் பேச்சு நன்றாக விழும் என்றார். மில்லில் நடந்தது அதுதான். உங்கள் அம்மா மெச்சியது என் நோயை.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பா கூடப் பிறந்த அத்தையைப் பற்றிச் சொன்னேன். பிள்ளை பெற்றால் அதிகமாகும் என்றார். சென்னையில் ஆபரேஷன் செய்கிறார்களாம், எல்லோருக்கும் சரியாவதில்லையாம். மார்பில் ஒரு பெட்டியும் காதில் வயருமாகக் கருவி ஒன்று மாட்டிக்கொள்ளலாம். ஊருக்கே தெரியும்.

கேட்கும் அறையில் மட்டும்தான் எனக்குப் பழையபடி எல்லாம் கேட்கிறது. அந்த நேரம் முடிந்து ஹெட்போனைக் கழற்றும்போது யாரோ என்னைப் பெட்டிக்குள் வைத்து மூடுவதுபோல் இருக்கிறது.

உங்கள் தம்பியிடம் இதை மறைப்பது சரியில்லை. நீங்கள் அவருக்கு அக்கா. நான் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள்.

வள்ளிக்கண்ணு


திருச்சி
10-1-1965

அன்புள்ள அண்ணிக்கு, வணக்கம்.

நான் நலம். போன மாதம் எழுதிய கடிதம் கிடைத்ததா? அண்ணன் கையில் சேர்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. கிடைத்தது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

வள்ளி


உப்பிலியபுரம்
18-1-1965

அன்பான வள்ளிக்கு அண்ணி எழுதுவது.

நாங்கள் எல்லோரும் சுகம். பொங்கலுக்கு நீ இல்லாதது வீட்டில் குறையாகத்தான் இருந்தது. அறுப்பு முடிந்து நெல்லை மண்ணச்சநல்லூர் மில்லுக்கே அனுப்பிவிட்டோம். சிவப்பி கன்று போட்டது. கிடாரி.

எனக்கு இது ஐந்தாவது மாதம். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து இப்போதுதான். வெளியில் சொல்லத் தயங்கிக்கொண்டே இருந்துவிட்டேன். தலைப்பிரசவத்துக்குச் சித்திரையில் அம்மா வந்து கூட்டிப்போவாள். பிறகு வைகாசி முடிவில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

உன் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். அதைப் பற்றி இனி எழுதாதே.

உன் அண்ணன் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

அண்ணி
பொன்னுத்தாய்


திருச்சி
21-3-1965

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறையுங்கள்.

இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் காலேஜை மூடி, ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னபோது, உங்கள் பக்கத்தில் இருந்து நேரில் பேசிவிடலாம் என்று நினைத்துத்தான் ஊருக்கு வந்தேன். அத்தனை வாரம் இருந்தும் பேச முடியவில்லை. எனக்குக் கேட்க வேண்டுமானால் நீங்கள் உரக்கப் பேச வேண்டும். உரக்கப் பேசினால் அண்ணனுக்குக் கேட்டுவிடும். நம் இரண்டு பேருக்கும் ரகசியம் பேசவே வழியில்லாமல் போய்விட்டது. அதனால்தான் எழுதாதே என்று நீங்கள் சொன்னபிறகும் எழுதுகிறேன்.

நீங்கள் செய்ததை நான் கவனிக்காமல் இல்லை. அண்ணன் கூப்பிடும்போதெல்லாம் என் முழங்கையைத் தொட்டுத் திருப்பினீர்கள். யாராவது ஏதாவது கேட்டால், “அவ பாடத்தை நினைச்சுக்கிட்டிருக்கா” என்று நீங்களே பதில் சொன்னீர்கள். நான் அங்கே இருந்தபோதே வைத்த நிச்சயத்தன்று உங்கள் வீட்டார் முன்னால் நான் எழுந்து வாயைத் திறந்தபோது என் கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். எல்லோரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துவிட்டு, தன் காதில் கையை வைத்துக் காட்டினாள். நான் தலையை ஆட்டினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

இப்போது எழுதும் காரணம் இது. கடைசிப் பரீட்சை ஏப்ரல் முடிவில். அதில் ‘கேட்டுச் சொல்லும்’ பகுதி ஒன்று உண்டு. பெரிய கூடத்தில் தட்டைப் போட்டு எல்லோரையும் ஒன்றாக உட்கார வைப்பார்கள். அங்கே எனக்கு ஒன்றும் விழாது. அதில் தவறினால் டிகிரி இல்லை. ஷரபுன்னிசா மேடம் எனக்காகப் பிரின்சிபாலிடம் போய்ப் பேசினார். கேட்கும் அறையில் ஹெட்போனோடு என்னைத் தனியாக உட்கார வைக்கலாம், ஆனால் காது கேட்கவில்லை என்று மனு எழுதி, டாக்டர் சான்றிதழும் வீட்டுப் பெரியவர் கையெழுத்தும் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணன் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்டால் அண்ணனுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் மண்ணச்சநல்லூருக்கும் தெரியும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வள்ளிக்கண்ணு


உப்பிலியபுரம்
1-4-1965

அன்பான வள்ளிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

மனுவை உன் அண்ணனிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், என்மேல் கோபப்படு.

அத்தை கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உன் அம்மா உயிரோடு இருந்தபோது அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அத்தைக்குக் கல்யாணத்தின்போதே கொஞ்சம் மந்தம். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பிறந்ததும் முழுக்கப் போய்விட்டது. பிள்ளை அழுதது கேட்காமல் தூங்கினாள் என்று ஒரு நாள் அவளை வண்டியில் ஏற்றி வந்து நம் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். பிள்ளையைக் கொடுக்கவில்லை. அந்தப் பையன் இப்போது பெரம்பலூர்ப் பக்கம் எங்கேயோ இருக்கிறான். இந்த வீட்டில் தினமும் அவளுக்குச் சோறு போடுகிறவள் நான். உன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க என்னால் முடியாது.

நான் ராத்திரி பகலாக யோசித்துத்தான் இதை முடிவு செய்தேன். மண்ணச்சநல்லூரில் மில்லும் வீடும் ஒரே சுவர். விடிந்ததிலிருந்து அடையும்வரை அந்தச் சத்தம்தான். எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அங்கே உனக்குக் காது கேட்கிறது. அந்த வீட்டுக்குள் இருக்கிறவரை உன்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது. உனக்கு இந்த உலகத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. டிகிரி இல்லாவிட்டால் அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. இந்தச் சம்பந்தம் முறிந்தால் நான் என் அம்மா வீட்டுக்கு எந்த முகத்தோடு போவேன்?

முகூர்த்தப் புடவைக்கு உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அம்மா கேட்கிறாள். எழுது.

அண்ணி


திருச்சி
7-4-1965

அன்புள்ள அண்ணிக்கு, வணக்கம்.

நான் நலம். நீங்கள், அண்ணன், அத்தை நலமறிய ஆவல். கால் வீக்கம் குறைந்ததா?

நீங்கள் எழுதியபடியே செய்கிறேன். மற்றப் பரீட்சைகளை எழுதுகிறேன். கேட்டுச் சொல்லும் பகுதிக்குப் போகவில்லை. இனி அந்த அறையில் எனக்கு வேலை இல்லாததால் என் நேரத்தைக் கோமளவல்லிக்குக் கொடுத்துவிட்டேன்.

மில் வீட்டில் எனக்கு எல்லோருடைய பேச்சும் கேட்கும் என்பது சரிதான். பாட்டுதான் கேட்காது. அதனால் ஒன்றும் இல்லை.

புடவை எந்த நிறமானாலும் சரி.

வள்ளிக்கண்ணு


உப்பிலியபுரம்
14-4-1965

வள்ளி,

நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் கொஞ்சமாவது கோபம் இருந்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். புடவை எந்த நிறமானாலும் சரி என்று எழுதியிருக்கிறாய். அத்தை அப்படித்தான் பேசுவாள். எதைக் கொடுத்தாலும் சரி என்பாள். உன்னை அங்கே வைத்துப் பார்க்கக் கூடாது என்று நினைத்த நானே உன்னைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்துவிட்டேன் என்று தோன்றியது.

உன் அண்ணனுக்குக் களத்து மேட்டுக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். முழுவதையும் சொன்னேன். “உனக்கு எப்பத் தெரியும்?” என்றார். “மார்கழியிலேங்க” என்றேன். “நிச்சயத்தன்னைக்குத் தெரியுமா?” “தெரியும்.” தூக்குச் சட்டியை மூடி ஓரமாக வைத்தார். பிறகு, “அவ என்னை மதிக்கலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே” என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனுவில் கையெழுத்துப் போட்டார். “உங்க வீட்டுக்கு நீயே போய்ச் சொல்லிக்க. என்னால அவங்க மொகத்துல முழிக்க முடியாது” என்றார்.

மறுநாள் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டேன். ராமர் மெஷின் பெல்ட்டைக் கழற்றி மில்லை நிறுத்தினான். நான் பிறந்ததிலிருந்து பகலில் அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை. அம்மா கத்தாமலே பேசினாள். “உன் நாத்தனாருக்காக உன் தம்பி தலையில மண்ணைப் போடப் பாத்தியேடி” என்றாள். ராமர், “வேண்டாம்மா, விடு” என்றான். நான் கிளம்பும்போது அம்மா, “பிரசவத்துக்கு இங்க வராதே” என்றாள். பஸ் நிறுத்தம்வரை ராமர் கூடவே வந்தான். டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனான்.

மனு இத்துடன் இருக்கிறது. நாள் கடந்துவிட்டதா என்று தெரியாது. கடந்திருந்தால் அந்த மேடத்தின் காலில் விழுந்தாவது கொடு. கோமளவல்லியிடமிருந்து உன் நேரத்தைத் திருப்பி வாங்கு.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே மருத்துவச்சி இருக்கிறாள்.

பொன்னுத்தாய்


திருச்சி
9-5-1965

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். இடுப்பு வலி எட்டிப் பார்க்கிறதா?

மனுவை ஏற்றுக்கொண்டார்கள். பரீட்சை நடத்த வந்தவர்கள் இரண்டு பேர் மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஷரபுன்னிசா மேடம் எப்போதும்போல் முள்ளை வைத்தார். ஒவ்வொரு தட்டும் கொஞ்ச நேரம்தான் ஓடும். தோடி, பைரவி எல்லாம் கேட்ட உடனே சொல்லிவிட்டேன். ஒன்றில் மட்டும் தடுமாறித் தவறாகச் சொன்னேன். காதால் அல்ல, அவசரத்தால். நடுவில் ஒருவர், நான் எதையோ வைத்து ஊகித்துச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார். உடனே இழுத்துக் கழற்றிவிட்டார். காதைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்து, “இவ்வளவு வச்சாத்தான் கேக்குமாம்மா?” என்றார். அவர் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, “ஆமாங்க சார்” என்றேன். பிறகு இரண்டு பேரும் என் எதிரில் நகர்ந்து வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். ரிசல்ட் ஜூனில்தான் வரும்.

அண்ணன் போன வாரம் வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து காதருகே கத்த ஆரம்பித்தார். வார்டன் ஓடிவந்துவிட்டார். “என் தங்கச்சிக்குக் காது கேக்காதுங்க” என்று அவரிடம் சொன்னார். அண்ணன் வாயால் அதைக் கேட்டபோது எனக்கு வலித்தது. அவர் கிளம்பிப் போனபிறகு வலி இல்லை. சென்னை டாக்டரைப் பற்றி விசாரித்துக்கொண்டு போயிருக்கிறார். நடக்குமோ நடக்காதோ, நான் அதை நம்பி இருக்கவில்லை.

உங்களுக்கு உங்கள் அம்மா வீட்டு வழி என்னால் அடைந்துபோனது. அதற்கு நான் என்ன எழுதினாலும் போதாது. வேறு ஊரில் எனக்கு யார் கல்யாணம் பேசப்போகிறார்கள், நான் என்ன செய்து பிழைக்கப்போகிறேன், எதுவும் தெரியாது. அந்த அறையை நாளை மறுநாள் பூட்டிவிடுவார்கள். வெளியே வந்தால் எனக்கு எல்லா இடமும் மூடியதாகவே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். பஸ் ஓடும்வரை பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவதெல்லாம் கேட்கும். நம் ஊரில் என்னை இறக்கிவிட்டு அது போனதும் எல்லாம் நின்றுவிடும். யாராவது வந்து என் எதிரில் நின்று கூப்பிடட்டும். அத்தை வந்தாலும் சரி.

பிரசவத்துக்கு நான் உங்கள் கூடவே இருக்கிறேன். பிள்ளை அழுவது எனக்குக் கேட்காதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தொட்டிலில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் கையில் சுற்றிக்கொண்டு படுக்கிறேன். அது அசைந்தால் எழுந்துவிடுவேன். நீங்கள் தூங்குங்கள்.

உங்கள்
வள்ளிக்கண்ணு